கண்மூடி வீட்டுப் படம்

எங்கள் வீட்டில் யாருக்கும் உருப்படியாகக் கண் திறந்த படம் கிடையாது. நான் மிகைப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். தங்கையின் சடங்கு ஆல்பத்தை யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம். சொந்தபந்தம் எல்லாம் முழித்துக்கொண்டு நிற்கும். நடுவில் அம்மா, தங்கை, நான் மூவரும் நின்றுகொண்டே தூங்குவோம். பத்தாம் வகுப்புப் பிரிவுபசார விழாவில் கைநிறையப் பரிசு வாங்கும்போது தூங்குகிறேன். என் கல்யாண மேடையில் தாலி ஏறும்போதும் தூங்குகிறேன். போடியில் எங்கள் தெருவுக்குள் வந்து 'கண்மூடி வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும்.

இதில் முதல் பேர் வாங்கியவர் அப்பா. அவர் ஜீப் டிரைவர். காலையில் கூலிவேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலை வளைவுகளில் ஏறி ஏலக்காய்த் தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். அவருடைய லைசென்ஸில் ஒட்டியிருந்த படத்தில் கண் மூடியிருந்தது. டவுனில் அப்போதுதான் புது டிஜிட்டல் கேமரா இறக்கியிருந்த ஸ்டுடியோவில் எடுத்தது. செக்போஸ்ட்டில் அதை வாங்கிப் பார்க்கிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்.

"என்னண்ணே, தூங்கிக்கிட்டேதான் இம்புட்டு வளைவும் ஏறுறீகளா?"

"தூக்கத்துலயும் ரோடு தெரியும்யா எனக்கு" என்பாராம் அப்பா. வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவர் நெஞ்சுவலியில் போனபோது நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். மாலை போட ஒரு படம் வேண்டும். அம்மா அப்பா கல்யாணத்தில் போட்டோவே எடுக்கவில்லை. தங்கையின் சடங்கன்று அவர் பந்தியைக் கவனித்துக்கொண்டு கேமரா பக்கமே வரவில்லை. கைக்குக் கிடைத்தது அந்த லைசென்ஸ் படத்தின் மிச்சப் பிரதிகள்தான். சொந்தக்காரர் ஒருவர் அதில் ஒன்றை அதே ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிக் கொண்டுவந்தார். கண் திறந்திருந்தது. கம்ப்யூட்டரில் யாருடைய கண்ணையோ எடுத்து அப்பா முகத்தில் பொருத்தியிருந்தார்கள்.

அந்தக் கண் யாருடையது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. குறை சொல்வதற்கில்லை, நல்ல கண்தான். பெரிய, சாந்தமான கண். அப்பாவுக்கு அது கிடையாது. அவருடையது சின்னக் கண். வீட்டில் உட்கார்ந்து சோறு தின்னும்போதுகூட ரோட்டைத் துழாவுகிற கண். அம்மா தினமும் அந்தப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றுவாள். ஆனால் தலையைத் தூக்க மாட்டாள். திரியைப் பார்ப்பாள், விளக்கைப் பார்ப்பாள், குனிந்தபடியே திரும்பிவிடுவாள். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"யாரோ ஒரு ஆம்பள பாக்குற மாதிரி இருக்குத்தா" என்றாள்.

அதிலிருந்து அம்மா படத்துக்கு நிற்பதையே விட்டுவிட்டாள். செல்போனைத் தூக்கினாலே முந்தானை முகத்துக்கு வந்துவிடும். நானும் தங்கையும் செல்போன் வந்தபின் ஓரளவு தப்பித்தோம்; பகல் வெளிச்சத்தில் நாலு எடுத்தால் ஒன்று தேறும். அம்மாவுக்கு அதுவும் இல்லை. ஏலக்காய் கோடவுனில் வருசக்கணக்காகக் காய் பிரிக்கிறவள். தூசியில் புண்பட்ட கண்ணுக்கு வெயில் ஆகாது. வெளியே நிறுத்தினால் கண் சுருங்கி நீர் வடியும். ஆதார் அட்டையில் மட்டும் கண் திறந்திருக்கிறது. ஆதாரில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்? அதைப் பெரிதாக்கி மாட்டலாமா என்று கேட்டதற்கு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

"நான் போனா எனக்கும் எவ கண்ணையாச்சும் ஒட்டி மாட்டிருவீக. வேணாம். என்னைய எடுக்காதீக, மாட்டாதீக" என்பாள்.

இதில் பெரிய கேலி என்னவென்றால், நான் பிழைப்பதே படம் எடுத்துத்தான். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. உள்ளே ஒரு நீலத்திரை, ஒரு முக்காலி, பழைய கேமரா ஒன்று, அதன் தலையில் ஒரு ஃபிளாஷ். பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு வருகிற ஊராரை எல்லாம் முழிக்க வைத்து அனுப்புகிறேன். பெற்ற தாயை முழிக்க வைக்க முடியவில்லை.

தங்கைக்கு மாப்பிள்ளை அமைந்தபோதுதான் இது வெடித்தது. மாப்பிள்ளை வீடு மலைமேல். போடிமெட்டைத் தாண்டிய ஓர் ஏலத்தோட்டத்தின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று. நிச்சயம் அங்கேயே என்று முடிவானது. தட்டை அம்மாதான் மாற்ற வேண்டும் என்று தங்கை முதலிலேயே சொல்லிவிட்டாள். புருஷன் இல்லாதவள் தட்டு மாற்றுவதா என்று எங்கள் பக்கத்தில்தான் ஒன்றிரண்டு வாய் முணுமுணுத்தது. மாப்பிள்ளை வீட்டார் சரி என்றுவிட்டார்கள். அம்மாவும் கண்கலங்கி ஒப்புக்கொண்டாள். ஆனால் ஒரு நிபந்தனை போட்டாள்.

"தட்டு மாத்துறேன். போட்டா எடுக்கக் கூடாது."

"அம்மா தட்டு மாத்துறது படத்துல இல்லேன்னா எனக்குப் படமே வேணாம்க்கா" என்று தங்கை என்னிடம் வந்து நின்றாள். "பெரிய போட்டோக்காரின்னு போர்டு மட்டும் மாட்டியிருக்கே. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அம்மாவ கண்ணத் தொறந்து எடுத்துக் குடு."

எனக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. அவள் கேட்டதில் தப்பில்லை என்பதால் இன்னும் ஏறியது.

அன்று மதியம் கடையில் கூட்டமில்லை. முக்காலியில் நானே உட்கார்ந்து, கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி, தானாக எடுக்கிறபடி வைத்து, என்னையே எடுத்துத் தள்ளினேன். கண்ணை அகலத் திறந்தேன், மூடியிருந்தது. மூடி வைத்திருந்து கடைசி நொடியில் திறந்தேன், மூடியிருந்தது. பல்லைக் கடித்தபடி இமைக்காமல் பார்த்தேன். பேயைப் பார்த்தவள் கண்ணை மூடிக்கொண்டதுபோல ஒரு படம் வந்தது. சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரர் வாசலில் நின்று இதை எல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டே தன் செல்போனில் வீடியோ எடுத்தார். வீட்டில் போட்டுக் காட்டிக் கேலி செய்வதற்காக, அசைவை மெதுவாக்கிக் காட்டுகிற முறையில் வைத்து எடுத்திருந்தார்.

பிடுங்கி அழித்துவிடலாம் என்றுதான் வாங்கினேன். ஓடவிட்டதும் கை நின்றுவிட்டது.

வீடியோவில் ஃபிளாஷ் இரண்டு முறை அடித்தது. முதலில் ஒரு சின்ன வெளிச்சம். உடனே என் இமை இறங்குகிறது. இறங்கி முடித்து, நன்றாக மூடியான பிறகு, பெரிய வெளிச்சம் வருகிறது. அதுதான் படம்.

"மாமா, ரெண்டு தடவ அடிக்குது" என்றேன்.

"என்னது?"

"ஃபிளாஷு. ஒரு தடவன்னு நெனச்சுக்கிட்டு இருந்தோம்ல, அது ரெண்டு தடவ அடிக்குது."

திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அதேதான். சாப்பாட்டுத் தூக்கை ஜெராக்ஸ் மெஷின்மேல் வைத்துவிட்டுக் கேமராவின் மெனுவுக்குள் புகுந்தேன். இத்தனை வருடம் சோறு போட்ட பெட்டி. அதற்குள் இப்படிப் பக்கம் பக்கமாகச் சோலி இருக்கிறதென்று ஒருநாளும் பார்த்ததில்லை. வாங்கியபோது யாரோ 'ஆட்டோவில் வைங்க, அது பார்த்துக்கும்' என்றார்கள். வைத்தேன். அது பார்த்துக்கொண்டது.

விஷயம் இவ்வளவுதான். ஆட்டோவில் வைத்த ஃபிளாஷுக்கு எவ்வளவு வெளிச்சம் தேவை என்று முன்கூட்டித் தெரியாது. முதலில் கொஞ்சம் அடித்து, முகத்தில் பட்டுத் திரும்புவதை அளந்துகொள்கிறது. பிறகு கணக்காகப் பெரிய வெளிச்சத்தை அடித்துப் படம் எடுக்கிறது. இரண்டும் ஒட்டி வருவதால் நமக்கு ஒன்றாகத் தெரிகிறது. ஊராருக்கு முதல் வெளிச்சம் உறைத்து இமை அசைவதற்குள் படம் முடிந்துவிடும். எங்கள் இமை அவசரக்காரி. முதல் வெளிச்சத்துக்கே கதவைச் சாத்திவிடும். ஆதாரில் கண் திறந்திருந்ததும் அதனால்தான். அங்கே ஃபிளாஷே கிடையாது. இது போதாதென்று, கண் சிவப்பாக விழாமல் இருக்க முன்கூட்டியே ஒரு சின்ன விளக்கை எரியவிடுகிற வசதி ஒன்றும் மெனுவில் போட்டபடியே இருந்தது. அதை யார் போட்டது? பெட்டியில் வரும்போதே போட்டு வந்திருக்கிறது. முதல் வேலையாக அதை அணைத்தேன்.

அணைத்தும் அளந்து பார்க்கிற வெளிச்சம் போகவில்லை. அதற்குத்தான் கேமராவின் முதுகில், கட்டைவிரலுக்கு எட்டுகிற இடத்தில், நட்சத்திரக் குறி போட்ட ஒரு பொத்தான் இருந்திருக்கிறது. நான் அதைத் தொட்டதே இல்லை. ரிப்பேர்காரர்களுக்கானது என்று நினைத்திருந்தேன். அதை அழுத்தினால் அளக்கிற வெளிச்சம் மட்டும் முதலில் தனியாக அடித்துவிடும். அளந்ததைக் கேமரா கொஞ்ச நேரம் மனதில் வைத்திருக்கும். அதற்குள் எப்போது வேண்டுமானாலும் படத்தை எடுக்கலாம். அப்போது ஒரே ஒரு வெளிச்சம்தான் வரும். படம் எடுக்கிற வெளிச்சம். அதற்குப் பிறகு இமை மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன.

வீட்டுக்காரரைக் கேமராவுக்குப் பின்னால் தள்ளி, நான் முக்காலியில் ஏறினேன். அவர் நட்சத்திரத்தை அழுத்தினார். சின்ன வெளிச்சம் வெட்டியது, கண்ணை மூடினேன், திறந்தேன். படத்தை எடுத்தார். திரையைத் திருப்பிக் காட்டினார்.

நான் முழித்துக்கொண்டிருந்தேன்.

முப்பது வயதைத் தாண்டியவள், நடுக்கடையில் நின்று கத்தினேன். எதிர்ச்சாரி டீக்கடை அண்ணன் பாய்லரை விட்டுவிட்டு ஓடிவந்தார். "ஒண்ணுமில்லண்ணே, எனக்குக் கண்ணு தெறந்துருச்சு" என்றேன். அவர் என் வீட்டுக்காரரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார். தங்கையைப் போன்போட்டு வரவழைத்து அவளையும் எடுத்தேன். அவளும் முழித்தாள். அவளுக்கு அவ்வளவு நீளமான இமைமுடி இருப்பதைப் படத்தில் அன்றுதான் பார்த்தேன். இருவரும் அங்கேயே நின்று அழுது சிரித்தோம்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் முந்தானை வந்துவிடும். "நீ தட்ட மாத்தும்மா. படம் எடுக்குறது எஞ்சோலி. கண்ணு மூடியிருந்தா அங்கயே அழிச்சிருறேன், எங்கப்பா மேல சத்தியம்" என்று மட்டும் சொன்னேன். அப்பாவை இழுத்ததும் அவள் முகம் மாறியது. "ஒண்ணே ஒண்ணுதான் எடுக்கணும்" என்றாள்.

நிச்சய நாளன்று இரண்டு ஜீப்பில் மலை ஏறினோம். அடிவாரத்து முந்தல் ஊரைத் தாண்டும்போது நல்ல வெயில். போடிமெட்டில் மூடுபனி சாலையை மூடிக்கொண்டு நின்றது. லயத்துக்குப் போய் இறங்கும்போது பட்டப்பகலில் வீட்டுக்குள் பல்பு எரிந்தது. அதுவும் அடிக்கடி மங்கி மங்கி எரிந்தது. ஃபிளாஷ் இல்லாமல் அங்கே ஒன்றும் நடக்காது. கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். பயம் பாதி, எப்போதடா அந்தப் பொத்தானை அழுத்துவோம் என்ற ஆசை பாதி.

"சாயா குடிச்சிட்டு எடுக்கலாம்மா, எதுக்கு இப்படி நின்னுக்கிட்டே இருக்கே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு அவருக்கு. வேண்டாம் என்று தலையாட்டினேன். தட்டு வரும்போது கையில் கேமராதான் இருக்க வேண்டும்.

சின்ன அறை. பாயில் பெரியவர்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சுவரோரம் ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றேன். வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள் எல்லாம் வைத்த தட்டுகள் வந்தன. நாள் குறித்ததை ஒருவர் உரக்க வாசித்தார். வாசித்து முடிந்ததும் அம்மா எழுந்து நின்றாள். எதிரே மாப்பிள்ளையின் அம்மா. இரண்டு பேரும் தட்டைத் தூக்கினார்கள்.

நட்சத்திரத்தை அழுத்தினேன். ஒன்றும் அடிக்கவில்லை.

இன்னொரு முறை அழுத்தினேன். ஃபிளாஷ் செத்துக் கிடந்தது. வாசிப்பு நீண்டுகொண்டே போனதில், சும்மா இருக்கிறோமே என்று அது தானாக உறங்கப் போய்விட்டிருந்தது. அதற்கும் மெனுவில் ஓர் இடம் இருக்கிறது, உறங்காதே என்று சொல்வதற்கு. அத்தனையும் மாற்றிய மகராசி அதை மட்டும் பார்க்காமல் விட்டிருக்கிறேன். கடையில் ஆள் மாற்றி ஆள் வந்துகொண்டிருப்பார்கள், அங்கே அதற்கு உறங்க நேரம் ஏது?

தட்டுகள் எதிரும் புதிருமாக நகர்ந்துகொண்டிருந்தன. தங்கை என்னைப் பார்த்தாள். என் வாயில் வந்த வசவுகளை விழுங்கிக்கொண்டு, படம் எடுக்கிற பொத்தானைப் பாதி அழுத்தினேன். ஃபிளாஷின் முதுகில் சிவப்பு விளக்கு எரியவில்லை. மறுபடி பாதி அழுத்தினேன். எங்கோ உள்ளே சன்னமாகக் கீச்சென்று ஒரு சத்தம் ஏறியது. விளக்கு எரிந்தது. தட்டுகள் கைமாறுகிற இடத்துக்கு வந்துவிட்டன. நட்சத்திரத்தை அழுத்தினேன்.

சின்ன வெளிச்சம் வெட்டியது. அம்மாவின் கண் மூடியது. மூடிய கண்ணோடு அவள் உதட்டோரம் கசப்பாக ஒரு சுழிப்பு வந்ததைக்கூட நான் பார்த்தேன். இந்தத் தடவையும் அவ்வளவுதான் என்று நினைத்திருப்பாள். ஒன்றே ஒன்றுதானே எடுக்கச் சொன்னாள், அது முடிந்துவிட்டது. இனி யாரும் எடுக்கப் போவதில்லை. அவள் தோள் இறங்கியது. நெற்றிச் சுருக்கம் போனது. கண்ணைத் திறந்து, கையில் வந்து சேர்ந்த தட்டைப் பார்த்துவிட்டு, நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்துச் சிரித்தாள்.

எடுத்தேன்.

பெட்டியிலிருந்து குதித்து இறங்கித் திரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு நிச்சயத்தில் என்ன நடந்தது என்று எனக்கு நினைவில்லை. சாப்பாடு போட்டார்கள், நன்றாக இருந்ததாகச் சொன்னார்கள். நான் தங்கையை அடுப்படிக்கு இழுத்துப்போய்க் காட்டினேன். அவள் என் கையைக் கிள்ளி ரத்தம் கட்ட வைத்துவிட்டாள்.

இறங்கும்போது ஜீப்பில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூடுபனி விலகி, கீழே போடியின் தோப்புகளும் ஓடுகளும் தெரியத் தொடங்கின. ஒரு வளைவில் என்மேல் சாய்ந்தபடியே அம்மா கேட்டாள்.

"ரெண்டு தடவ வெட்டுச்சே. ஒண்ணுதான எடுக்கச் சொன்னேன்?"

"ஒண்ணுதாம்மா எடுத்தேன்."

"அழிச்சிட்டியா?"

"இல்ல."

"கொண்டா பாப்போம்."

கொடுத்தேன். ஜீப் குலுங்கியது. அவள் கேமராவை மடியில் அணைத்து, கையால் வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு பார்த்தாள். அடுத்த வளைவு வந்து போனது. அதற்கடுத்த வளைவும் போனது. அவள் தலையைத் தூக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முதல் வெளிச்சம், இரண்டாம் வெளிச்சம், நட்சத்திரப் பொத்தான், உறங்கிப்போன ஃபிளாஷ், எதையும் விடவில்லை. நமக்குக் குறை ஒன்றுமில்லை, இமை மற்றவர்களைவிட வேகம், அவ்வளவுதான் என்றேன்.

"அப்ப உங்கப்பாவுக்கும் அப்பிடித்தானா?" என்றாள்.

"அப்பிடித்தான் இருக்கும். மொத வெளிச்சத்துக்கே மூடியிருப்பாரு."

அம்மா சாலையைப் பார்த்தாள். எதிரே ஏலக்காய் லோடு ஏற்றிய வண்டி ஒன்று வளைவில் வந்தது. எங்கள் டிரைவர் ஓரம் கட்டினார்.

"எதுக்க வண்டி வர்றதுக்குள்ள உங்கப்பா ஸ்டேரிங்க ஒடிச்சிருவாரு" என்றாள். "அம்புட்டு வெரசு."

மறுநாள் அம்மா கடைக்கு வந்தாள். கடை தொடங்கிய நாளிலிருந்து அவள் நீலத்திரை இருக்கிற பக்கம் வந்ததே இல்லை. இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, அதற்குள் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்தாள். லைசென்ஸுக்கு எடுத்ததில் மிஞ்சிய அப்பாவின் சின்னப் படம் ஒன்று. ஓரம் பழுப்பேறியிருந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"இதப் பெருசு பண்ணு" என்றாள். "கண்ண ஒண்ணும் பண்ணாத."

"மூடியிருக்கேம்மா."

"இருக்கட்டும். அது அவரு கண்ணு."

பெரிதாக்கிச் சட்டம் போட்டு அன்றைக்கே கொண்டுபோனேன். சாந்தமான கண்காரரை ஆணியிலிருந்து இறக்கித் துணியில் சுற்றிப் பரணில் வைத்தோம். அந்த இடத்தில் கண்மூடிய அப்பாவை மாட்டினோம். தங்கை பூ வைத்தாள்.

சாயங்காலம் அம்மா விளக்கேற்றினாள். திரியைத் தூண்டிவிட்டு, தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள்.